படிக்க வர்றவங்களை நோட்டம் விடாத ஒரு எழுத்தாளர் வெப்சைட்: மூணு வாரம் தோண்டிப் பார்த்த ரிவ்யூ

எழுத்தாளர் வெப்சைட்டுக்கு ரிவ்யூன்னா கதை எப்படி, டிசைன் எப்படி, மொபைல்ல எழுத்து தெளிவா தெரியுதான்னுதான் பொதுவா எழுதுவாங்க, நான் அந்தப் பக்கமே போகல. உள்ள போற நம்மளைப் பத்தி அந்த சைட் என்னத்தை எடுத்து வச்சுக்குது, எத்தனை நாள் வச்சிருக்குது, யாருக்கெல்லாம் கைமாத்தி விடுது, கேட்டா காட்டுதா, அழிக்கச் சொன்னா நிஜமாவே அழிக்குதா, இது ஒண்ணை மட்டும்தான் மூணு வாரமா உட்கார்ந்து பார்த்தேன். பேரு போடல. அவங்க ஒத்தை ஆளா எழுதி ஒத்தை ஆளா சைட்டையும் பராமரிக்கிறவங்க, நான் குறையும் சொல்லப்போறேன், அதைப் படிச்சிட்டு யாரும் போய் அவங்களை நச்சரிக்கக் கூடாது. அவங்க கதைகளை நான் ஆறேழு வருஷமா படிக்கிறேன், அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடறேன்னா, ஒருத்தர் என்ன படிக்கிறாங்கங்கறது அவங்க மனசுக்குள்ள நடக்கிற விஷயம். நடுராத்திரி ரெண்டு மணிக்கு விவாகரத்து பத்தின ஒரு கதையை ஒருத்தர் திரும்பத் திரும்ப மூணு தடவை திறக்கிறாங்கன்னா அதுக்குப் பின்னாடி ஏதோ ஒண்ணு இருக்கும், அதை வீட்ல இருக்கிறவங்ககிட்டயே சொல்லியிருக்க மாட்டாங்க, ஆனா அந்த சைட் ஓடற கம்ப்யூட்டருக்கு, அதாவது சர்வருக்குத் தெரியும், அந்தப் பக்கத்துல ஒட்டியிருக்கிற விளம்பரக் கம்பெனியோட புரோகிராமுக்குத் தெரியும்.

எனக்கே ஒண்ணு நடந்துச்சு. இது வேற ஒரு எழுத்தாளர். மனநலம் சம்பந்தப்பட்ட கதைகளா எழுதுவாங்க, அவங்க நியூஸ்லெட்டர்ல நான் சேர்ந்திருந்தேன். புது புத்தகம் வருதுன்னு ஒரு நாள் மெயில் அனுப்பினாங்க, அனுப்பும்போது ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்குத் தெரியாம மறைக்கிற பிசிசி கட்டத்துல போட வேண்டிய அத்தனை அட்ரஸையும் 'டு' கட்டத்துல போட்டுட்டாங்க. மெயிலைத் திறந்தா மேல அட்ரஸா ஓடுது, ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துட்டே இருக்கு, நடுவுல என்னோடது. அதுக்கு நாலு வரி கீழ என் ஆபீஸ்ல ரெண்டு சீட் தள்ளி உட்கார்ற ஒருத்தங்களோட அட்ரஸ். அவங்க இதெல்லாம் படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் படிப்பேன்னு அவங்களுக்கும் தெரியாது. மறுநாள் அவங்க என்னைப் பார்த்த பார்வையும் நான் குனிஞ்சு கீபோர்டைப் பார்த்ததும் இன்னும் ஞாபகம் இருக்கு, ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்திப் பேசினதே இல்ல. அந்த வாரமே அந்த லிஸ்ட்ல இருந்த யாரோ ஒருத்தர் எல்லாருக்கும் தன்னோட புத்தக விளம்பரத்தை அனுப்ப ஆரம்பிச்சாரு. யாரும் ஹேக் பண்ணல, யாரும் திருடல, கெட்ட எண்ணமும் இல்ல. சின்ன சைட்ல நடக்கிற சேதாரம் நிறைய இப்படித்தான் நடக்குது.

சரி, இந்த சைட்டுக்கு வர்றேன்.

கீழ ஓரத்துல 'தனியுரிமை'ன்னு ஒரு லிங்க் இருக்கு, நம்ம தகவலை என்ன பண்றாங்கன்னு சொல்ற பிரைவசி பாலிசி அதுலதான். அழுத்திப் படிச்சதுமே சில வரிகள் எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. காரணம் இதுதான்: சின்ன எழுத்தாளர் சைட் நிறைய வேர்ட்பிரஸ்ங்கற வெப்சைட் மென்பொருள்லதான் ஓடுது, அந்த வேர்ட்பிரஸ்ல 2018 மே மாசம் 4.9.6னு ஒரு வெர்ஷன் விட்டாங்க, தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்கிற ஐரோப்பாவோட ஜிடிபிஆர் சட்டம் அதே மே 25ஆம் தேதி அமலுக்கு வர இருந்ததால அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அவசரமா வந்தது, அதுலதான் தனியுரிமைப் பக்கத்துக்கு ஒரு மாதிரி வாசகத்தையும் சேர்த்தே கொடுத்தாங்க. அதை அப்படியே காப்பி பண்ணி ஒட்டின சைட் எக்கச்சக்கம். 'பரிந்துரைக்கப்படும் வாசகம்'னு எடிட்டருக்காகப் போட்ட குறிப்பைக்கூட எடுக்காம விட்டவங்களை நான் பார்த்திருக்கேன். இவங்களும் அந்த மாதிரி வாசகத்துலதான் ஆரம்பிச்சிருக்காங்க, ஆனா பாதிக்கு மேல தன் சொந்த வார்த்தையில மாத்தி எழுதியிருக்காங்க, படிச்சா அவங்க கதை நடை அதுலயும் தெரியுது. ஒரே ஒரு இடத்துல மட்டும் பழைய மிச்சம்: படம் அப்லோட் பண்ணும்போது அதுக்குள்ள இருக்கிற லொகேஷன் தகவலை எடுத்துட்டுப் போடுங்கன்னு ஒரு பத்தி. வாசகர் படம் ஏத்துற வசதியே அந்த சைட்ல கிடையாது. சின்ன விஷயம்தான், ஆனா நடக்காத ஒண்ணைப் பத்தி எழுதி வச்சிருந்தா நடக்கிறதைப் பத்தி எழுதினதையும் சந்தேகமாத்தான் படிக்கத் தோணும்.

எழுதி வச்சிருக்கிறதை நம்பி ரிவ்யூ எழுத முடியாது இல்லையா, அதனால நானே திறந்து பார்த்தேன். இதுக்குப் பெரிய டெக்னிக்கல் அறிவெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டர்ல பிரைவேட் விண்டோ திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க்னு இருக்கிற டேபுக்குப் போய் பக்கத்தை ரீலோட் பண்ணுங்க, அந்தப் பக்கம் எங்கெங்க போய் என்னென்ன கேட்டு வாங்கிட்டு வருதுன்னு வரிசையா கொட்டும். பெரிய செய்தி சைட்ல இதைப் பண்ணிப் பார்த்தா லிஸ்ட் நிக்காது, விளம்பர கம்பெனி, அளவெடுக்கிற கம்பெனி, சோஷியல் மீடியா கம்பெனி வேவு பார்க்க வைக்கிற பிக்சல்னு ஓடிட்டே இருக்கும். இங்க முகப்புப் பக்கத்துல இருபத்தி சொச்சம் வரி, அதுல ரெண்டைத் தவிர எல்லாமே அவங்க சொந்த டொமைன், அதாவது சைட் முகவரிலேர்ந்தே வருது. அந்த ரெண்டும் ஃபான்ட், அதாவது எழுத்து வடிவம், அதுக்கு அப்புறம் வர்றேன். பக்கத்து டேபுல குக்கி, அதாவது சைட் நம்ம பிரௌசர்ல விட்டு வைக்கிற சின்ன குறிப்புகளோட லிஸ்ட் பார்த்தேன். காலி. ஒண்ணு கூட இல்ல.

அதனாலதான் அந்த சைட்ல 'குக்கியை ஏத்துக்கோங்க'ன்னு மறைச்சுக்கிட்டு நிக்கிற பேனரும் இல்ல. பேனர் இல்லைன்னா சட்டத்தை மதிக்கலன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது அப்படி இல்லங்க. அந்த அனுமதி கேக்கிறது அவசியமில்லாத குக்கிகளை வைக்கறதுக்குத்தான், வைக்கவே இல்லன்னா எதுக்குக் கேக்கணும்? கேக்கும்போதும் ஒழுங்கா கேக்கணும்: 2019 அக்டோபர்ல ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புல, முன்கூட்டியே டிக் போட்டு வச்ச கட்டம் சம்மதம் ஆகாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. இங்க கமென்ட் பாக்ஸுக்குக் கீழ 'அடுத்த தடவைக்கு என் பேரையும் மெயிலையும் ஞாபகம் வச்சுக்கோ'ன்னு ஒரு கட்டம் இருக்கு, அது டிக் இல்லாம காலியாத்தான் இருந்துச்சு. டிக் போட்டு ஒரு கமென்ட் போட்டுப் பார்த்தேன், உடனே குக்கி வந்து உட்கார்ந்தது, ஒரு வருஷத்துக்குன்னு பாலிசில எழுதியிருக்காங்க. அடுத்த தடவை டிக் போடாம போட்டேன், வரல. சொன்னது சொன்னபடி.

கமென்ட் விஷயத்துல இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. பல சைட்ல கமென்ட் பக்கத்துல வட்டமா ஒரு படம் வரும் பாருங்க, அது கிராவடார்னு ஒரு சர்வீஸ்லேர்ந்து வருது. உங்க மெயில் அட்ரஸை ஹேஷ்ங்கற ஒரு நீளமான எழுத்து-எண் சரமா மாத்தி அந்தச் சரத்தை வச்சுப் படத்தைக் கேக்கும். ஹேஷ்னா திருப்ப முடியாது, அடையாளம் தெரியாதுன்னு சொல்லுவாங்க, ஆனா ஒரே மெயிலுக்கு எல்லா சைட்லயும் ஒரே ஹேஷ்தான் வரும். உங்க மெயில் அட்ரஸ் என்னன்னு ஏற்கனவே தெரிஞ்சவங்க, இல்ல ஊகிக்கக் கூடியவங்க, அதை அதே மாதிரி மாத்திப் பார்த்துட்டு நீங்க எந்தெந்த சைட்ல என்ன பேர்ல என்ன எழுதினீங்கன்னு பொருத்திப் பார்த்துடலாம். புனைபேர்ல கமென்ட் போடறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. இவங்க அந்தப் படங்களையே ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, செட்டிங்ஸ்ல ஒரு டிக் எடுத்தா போதும், பண்றவங்கதான் கம்மி.

அடுத்து ஐபி அட்ரஸ், அதாவது இன்டர்நெட்ல உங்க இணைப்புக்கு இருக்கிற எண். வேர்ட்பிரஸ்ல கமென்ட் போட்டா உங்க ஐபியும் எந்த பிரௌசர், எந்த போன்ங்கற விவரமும் சேர்ந்து பதிவாகும், ஸ்பாம் பிடிக்கறதுக்காக. சும்மா விட்டா அது அங்கயே கிடக்கும், கணக்கே இல்ல. இவங்க பாலிசில 'மூணு மாசத்துக்கு ஒரு தடவை நானே உட்கார்ந்து பழைய கமென்ட்ல இருக்கிற ஐபியை எல்லாம் அழிச்சிடுவேன்'னு எழுதியிருக்காங்க. எழுதினது சரி, நிஜமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுக்குத்தான் 'என்னைப் பத்தி உங்ககிட்ட இருக்கிற எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க'ன்னு ஒரு மெயில் போட்டேன். வாசகர்ங்கற உரிமைல கேட்டேன், ரிவ்யூ எழுதப்போறேன்னு அப்போ சொல்லல.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெயில் வந்தது, கேட்டது நீங்கதானான்னு உறுதி பண்ண ஒரு லிங்க். இது முக்கியம், இல்லன்னா யாரோ என் பேரைச் சொல்லி என் தகவலை வாங்கிட்டுப் போயிடலாமே. அழுத்தினேன். அன்னைக்கு சாயங்காலமே டவுன்லோட் லிங்க், மூணு நாள்ல செல்லாமப் போயிடும்னு. ஜிடிபிஆர் இதுக்குக் கொடுக்கிற டைம் ஒரு மாசம், ஒத்தை ஆளா இருந்துக்கிட்டு ரெண்டே நாள்ல பண்ணியிருக்காங்க. ஜிப் ஃபைலைப் பிரிச்சா ஒரு பக்கம், அதுல வரிசையா நான் போட்ட ஒவ்வொரு கமென்ட்டும் தேதி, நேரத்தோட.

அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்ட ஒரு கமென்ட்டுக்குக் கீழ என்னோட பழைய போன் மாடல் இருக்கு, அந்த போனை நான் எப்பவோ தம்பிகிட்ட கொடுத்துட்டேன், அது இருந்ததே மறந்துபோச்சு. நேரம் பார்த்தா அதிகாலை மூணு இருபது. எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்துடுச்சு, அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாரு, நான் வராண்டா பெஞ்ச்ல உட்கார்ந்து அந்தக் கதையைப் படிச்சிட்டு எழுதினது அது. கதைல வர்ற அப்பாவைப் பத்தி ஆரம்பிச்சு எங்கப்பாவுக்கு என்ன வியாதி, எந்த வார்டுன்னு வரைக்கும் எழுதி, கடைசில என் முழுப் பேரையும் போட்டிருக்கேன். அதை அஞ்சு வருஷமா யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி வெளிய விட்டிருக்கேன்.

ஐபி விஷயம் என்னன்னா, பழைய கமென்ட் பதினொண்ணுல பத்துல ஐபி கட்டம் காலி, கடைசி வாரம் சோதனைக்குப் போட்டதுல ஐபி இருக்கு, அது சரி. ஆனா பழையதுல மீதி இருந்த, போன வருஷத்து கமென்ட் ஒண்ணுல ஐபி அப்படியே இருக்கு. கையால அழிக்கிறதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கேட்டதுக்கு மழுப்பாம 'ஆமாங்க, அந்த மாசம் உடம்பு சரியில்லாம இருந்தேன், அந்த சமயத்துல வந்த நாப்பது கமென்ட்டையும் பார்க்கவே இல்ல, இப்போ எல்லாத்தையும் எடுத்துட்டேன்'னு பதில் எழுதினாங்க. நேர்மையான பதில். ஆனாலும் இதை நான் குறையாத்தான் எழுதறேன், ஏன்னா வாக்குக் கொடுத்துட்டு அதைக் கையால காப்பாத்த முயற்சி பண்ணா என்னைக்காவது ஒரு நாள் வழுக்கும். தானா அழியிற மாதிரி ப்ளக்இன்னு ஒரு சின்ன துணை மென்பொருள் போட்டா போதும், இல்லன்னா ஐபியைச் சேமிக்காமலே விடலாம்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரி கமென்ட்டை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். இங்கதான் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கு. வேர்ட்பிரஸ்ல 'தனிப்பட்ட தகவலை அழி'ன்னு ஒரு வசதி இருக்கு, அதுவும் அந்த 4.9.6ல வந்ததுதான், அதை ஓட்டினா கமென்ட் போகாது. பேர் இருந்த இடத்துல அநாமதேயம்னு வரும், மெயில் போயிடும், ஐபி மங்கலாகும், ஆனா எழுதின வாசகம் அப்படியே நிக்கும். என் கேஸ்ல அடையாளமே அந்த வாசகத்துக்குள்ளதான் இருக்கு, அப்பா பேர், வார்டு, என் பேர் எல்லாமே. பட்டனை அழுத்திட்டு 'முடிஞ்சது'ன்னு மெயில் அனுப்பியிருந்தா சட்டப்படி ஏதோ பண்ணின மாதிரி ஆகியிருக்கும். இவங்க அந்தக் கமென்ட்டைத் திறந்து படிச்சிருக்காங்க. படிச்சிட்டு, 'இதுல உங்க அப்பா பேரும் இருக்கே, முழுசா எடுத்துடட்டுமா, இல்ல பேரை மட்டும் எடுத்துட்டு மீதியை வைக்கட்டுமா, அந்த வரிகள் எனக்கும் பிடிச்ச வரிகள், ஆனா முடிவு உங்களுது'ன்னு கேட்டாங்க. முழுசா எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டாங்க. 'சைட்டை ஓட்டற ஹோஸ்டிங் கம்பெனி எடுக்கிற பேக்கப்ல இன்னும் முப்பது நாள் இருக்கும், அதை என்னால தொட முடியாது, அதுவும் தானா போயிடும்'னு கேக்காமலே சொன்னாங்க. பேக்கப் பத்தி வாயைத் திறந்த முதல் சைட் ஓனர் இவங்கதான் எனக்குத் தெரிஞ்சு.

நியூஸ்லெட்டர் பக்கம் சுருக்கமா சொல்லிடறேன். சேரும்போது மெயில் மட்டும்தான் கேக்கறாங்க. பேர் வேண்டாம், பிறந்தநாள் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். சேர்ந்ததும் உறுதி பண்ற மெயில் வருது, அழுத்தினாத்தான் லிஸ்ட்ல ஏறும், அதனால வேற யாரும் உங்க அட்ரஸைப் போட்டு விட முடியாது. மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படத்தை வச்சு, நீங்க எப்போ திறந்தீங்க, எத்தனை தடவை திறந்தீங்கன்னு பார்க்கிற பழக்கம் இந்தத் துறையில சகஜம், பெரும்பாலான சர்வீஸ்ல அது தானா ஆன்ல இருக்கும். ஆப்பிள் 2021 செப்டம்பர்ல ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 15லேர்ந்து தன்னோட மெயில் ஆப்ல அந்தப் படத்தை முன்கூட்டியே தானே இறக்கி அந்த வேவைக் குழப்பி விடற வசதியைக் கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் அந்தக் கணக்கே பெருசா நம்ப முடியாததா ஆயிடுச்சு, இருந்தும் விட மாட்டேங்கறாங்க. இவங்க மெயிலோட ஒரிஜினல் சோர்ஸைத் திறந்து தேடினேன், அந்தப் புள்ளி இல்ல. ஆனா லிங்க் எல்லாம் நேரா சைட்டுக்குப் போகாம மெயில் கம்பெனி டொமைன் வழியா சுத்திட்டுப் போகுது, அதாவது யார் எதை அழுத்தினாங்கன்னு அங்க பதிவாகும். இது பாலிசில இல்ல. எழுதிக் கேட்டேன், அவங்க வச்சிருக்கிற இலவச ப்ளான்ல அதை ஆஃப் பண்ண முடியலையாம். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா, இந்த மாசத்துலேர்ந்து முழுக் கதையையும் மெயிலுக்குள்ளயே போட்டுடறாங்க, அழுத்தணும்ங்கற தேவையே இல்ல. பாலிசிலயும் ஒரு வரி சேர்த்துட்டாங்க.

விலகிப் பார்க்கணுமேன்னு விலகியும் பார்த்தேன். ஒரே அழுத்தல், ஏன் போறீங்கன்னு கேள்வி இல்ல, அதுக்கப்புறம் ஒரு மெயில் வரல. விலகினவங்க அட்ரஸ் தவறி மறுபடியும் சேர்ந்துடக் கூடாதுன்னு ஒரு தனி லிஸ்ட்ல இருக்கும், அதுலயும் வேண்டாம்னா சொல்லுங்க எடுத்துடறேன்னு பாலிசிலயே இருக்கு. மெயிலோட அடில தபால் பெட்டி எண் போட்டிருக்காங்க. அமெரிக்காவோட 2003 கேன்-ஸ்பாம் சட்டம் வணிக நோக்கத்துல அனுப்பற மெயில்ல தபால் முகவரி இருக்கணும்னு சொல்லுது, அதுக்காக வீட்டு அட்ரஸையே போட்டுட்டு ஆயிரம் பேருக்கு அனுப்பற எழுத்தாளர்கள் இருக்காங்க, அதுவும் தனியா வாழற பெண்கள். தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, தபால் பெட்டியை அந்தச் சட்டத்தோட விதிகளே ஏத்துக்குது. வாசகரோட தனியுரிமை மாதிரி எழுதறவங்களோடதும் பெருசுதான்.

ஆள் எண்ணற கணக்குக்கு வெளி கம்பெனி எதுவும் இல்ல. முன்னாடி கூகுள் அனலிடிக்ஸ் வச்சிருந்தாங்களாம், அதோட பழைய வெர்ஷன் 2023 ஜூலை 1லேர்ந்து புது தகவல் வாங்கறதை நிறுத்தினப்போ புதுசுக்கு மாறாம மொத்தமா எடுத்துட்டாங்க. பாலிசில இந்த இடத்துல ஒரு வாக்கியம் எனக்கு மனசுல நின்னுச்சு: 'நான் எதையும் சேகரிக்கறதில்லன்னு சொன்னா அது பொய், நீங்க பக்கத்தைத் திறந்ததும் ஹோஸ்டிங் சர்வரோட லாக்ங்கற பதிவேட்டுல உங்க ஐபியும் எந்தப் பக்கம்ங்கறதும் பதிவாகும், முப்பது நாள்ல போயிடும், நான் அதைப் பார்க்கறதில்ல.' 'நாங்க எந்தத் தகவலும் எடுக்கறதில்ல'ன்னு மார்தட்டிக்கிற சைட்ல நிறைய பேர் இந்தப் பதிவேட்டை மறந்துடறாங்க, இல்ல தெரியாது.

குறைன்னு பார்த்தா மூணு பெருசு. ஒண்ணு வீடியோ. அவங்க பேசின ஒரு உரையை ஒரு பக்கத்துல யூட்யூப்லேர்ந்து பதிச்சிருக்காங்க, பக்கத்தைத் திறந்த உடனே, பிளே அழுத்தறதுக்கு முன்னாடியே, கூகுள் சர்வர்கிட்ட நம்ம பிரௌசர் பேசிடுது. பதிச்ச வீடியோ அந்த சைட்டுக்கே நேரா போன மாதிரிதான் நடந்துக்கும்னு பாலிசில இருக்கு, மாதிரி வாசகத்துலயும் அது உண்டு, ஆனா எச்சரிக்கையை வேற ஒரு பக்கத்துல ஒளிச்சு வச்சுட்டா போதுமா? யூட்யூப்லயே நோகுக்கின்னு ஒரு டொமைன் இருக்கு, அதைப் போட்டா கொஞ்சம் குறையும், அதை விட நல்லது வெறும் ஒரு படத்தை வச்சு லிங்க் கொடுக்கறது. சொன்னதும் மறுநாளே படமா மாத்திட்டாங்க.

ரெண்டாவது ஃபான்ட். எழுத்து எல்லா போன்லயும் ஒரே மாதிரி அழகா தெரியணும்னு கூகுள் ஃபான்ட்ஸ்லேர்ந்து இழுக்கறாங்க, ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் நம்ம ஐபி அங்க போகுது. இதெல்லாம் ஒரு விஷயமான்னு கேக்காதீங்க, 2022 ஜனவரில ஜெர்மனியோட மியூனிக் நீதிமன்றம் இதே காரணத்துக்காக ஒரு சைட் ஓனரை 100 யூரோ நஷ்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. தீர்வு ரொம்ப ஈஸி, அந்த ஃபான்ட் எல்லாம் திறந்த உரிமத்துல இருக்கு, ஃபைலை இறக்கி சொந்த சர்வர்ல வச்சுக்கலாம்.

மூணாவதுதான் எனக்கு நிஜமாவே வலிச்சது. தொடர்பு கொள்ள ஒரு ஃபார்ம் இருக்கு இல்லையா, பேர், மெயில், செய்தி. அதுல எழுதினா அவங்க மெயிலுக்குப் போகும்னுதான் நாம நினைப்போம். பாலிசில இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சில ஃபார்ம் ப்ளக்இன் மெயில் அனுப்பறதோட ஒரு நகலை சைட்டோட டேட்டாபேஸ்லயும் போட்டு வைக்கும், உங்களுது எப்படின்னு கேட்டேன். அன்னைக்கு பதில் வரல. மறுநாள் நீளமா ஒரு மெயில். உள்ள போய்ப் பார்த்தா ஆறு வருஷமா வாசகர்கள் எழுதின அத்தனையும் அங்க கிடந்திருக்கு, அவங்களுக்கே தெரியாது. எழுத்தாளருக்கு வாசகர் என்ன எழுதுவாங்கன்னு நினைக்கிறீங்க? கதை நல்லா இருந்ததுன்னு ஒரு வரி எழுதிட்டு, அப்புறம் பத்தி பத்தியா தன் வாழ்க்கையைக் கொட்டுவாங்க. கணவர் அடிக்கிறதை எழுதுவாங்க, கரு கலைஞ்சதை எழுதுவாங்க, வேற யார்கிட்டயும் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்தங்ககிட்ட, அவங்க புரிஞ்சுப்பாங்கன்னு நம்பி. அது மொத்தமும் ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னாடி, இன்டர்நெட்டைப் பார்த்தாப்ல ஒரு அலமாரில, ஒரு ப்ளக்இன் ஓட்டை கிடைச்சா மொத்தமா அள்ளிட்டுப் போற மாதிரி இருந்திருக்கு.

இதுல அவங்களும் நானும் கொஞ்சம் வாக்குவாதம் பண்ணினோம். 'அதெல்லாம் எனக்கு வந்த கடிதங்கள், எழுதறதை நிறுத்திடலாமான்னு தோணினப்போ எல்லாம் அதைத்தான் எடுத்துப் படிச்சிருக்கேன், அழிக்க மனசு வரல'ன்னாங்க. அதைத் தப்புன்னு என்னால சொல்ல முடியல. கடிதம் எழுதினவங்களும் அதை அவங்க வச்சுக்கணும்னுதானே எழுதியிருப்பாங்க. நான் சொன்னது இவ்வளவுதான்: உங்க மெயில் பெட்டியில ஏற்கனவே ஒரு நகல் இருக்கு, அது உங்ககிட்ட இருக்கட்டும், வெப்சைட் டேட்டாபேஸ்ல இருக்கிறதை மட்டும் எடுங்க, அது கடிதம் வைக்கிற இடம் இல்ல. ரெண்டு நாள் யோசிச்சு எடுத்துட்டாங்க. ஃபார்ம்ல சேமிக்கிறதையும் நிறுத்திட்டாங்க, ஃபார்முக்கு மேல 'இது என் மெயிலுக்கு மட்டும் வரும், நான் வச்சுக்குவேன், வேண்டாம்னா சொல்லுங்க அழிச்சிடறேன்'னு ஒரு வரி போட்டிருக்காங்க. பழைய ஆளுங்களுக்கும் நடந்ததைச் சொல்லி மெயில் போடுங்கன்னு கேட்டிருக்கேன், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதிட்டு இருக்காங்களாம், அந்த 'டு' கட்டக் கதையை அவங்களுக்கும் சொல்லியிருந்தேன்.

மத்தபடி நடுவுல யாரும் ஒட்டுப் பார்க்காம இணைப்பைப் பூட்டற https ஒழுங்கா இருக்கு, லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்பு அதுக்காகக் கொடுக்கிற இலவச சான்றிதழ்தான், தானா புதுப்பிக்குது. புத்தகம் வாங்கற லிங்க்ல கமிஷன் வர்றதுக்குப் பக்கத்துலயே குறி போட்டு, அழுத்தினா கடைக்காரங்க குக்கி வைப்பாங்கன்னும் சொல்லிடறாங்க.

மார்க் போடணும்னா, வந்த அன்னைக்கு இருந்த நிலைமைக்கு அஞ்சுக்கு மூணரை கொடுத்திருப்பேன், அந்த ஃபார்முக்காக மட்டும் ஒரு மார்க் முழுசா போயிருக்கும். இன்னைக்கு நாலரை. மீதி அரை அந்த ஃபான்ட். நேத்து ராத்திரி மறுபடியும் எஃப்12 அழுத்திப் பார்த்தேன், அந்த ரெண்டு வரி இன்னும் கூகுளுக்குத்தான் போகுது. சைட்டோட தோற்றத்தை முடிவு பண்ற தீம் ஃபைலைத் தொடவே பயமா இருக்கு, தெரிஞ்ச ஒருத்தரை வச்சு இந்த மாசக் கடைசிக்குள்ள மாத்திடறேன்னு எழுதியிருக்காங்க. மாத்தினதும் இந்த ரிவ்யூவையும் மாத்தறேன். சோதனைக்காக விலகின நியூஸ்லெட்டர்ல இன்னைக்குக் காலைல திரும்பவும் சேர்ந்துட்டேன், உறுதி பண்ற மெயில் வந்தாச்சு.